போத்தின் அடியில் முதல் நான்கு நாள்

50 நாள் வயதுள்ள ஒரு பைன் நாற்றை எடுத்துக்கொள்வோம். லோப்லாலி பைன் என்று பெயர். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் காகிதக் கூழுக்காகவும் மரத்துக்காகவும் பெருமளவில் வளர்க்கப்படுவது. விதையிலைகளுக்குக் கீழே உள்ள தண்டை ஒரு துண்டாகவும், மேலே உள்ளதை இன்னொரு துண்டாகவும் வெட்டி, இரண்டுக்கும் வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற தாவர ஹார்மோனை ஒரே அளவு கொடுத்து நட்டுவைத்தால், கீழ்த்துண்டு ஒரு மாதத்துக்குள் வேர் விட்டுவிடுகிறது. மேல்துண்டோ இரண்டு மாதம் ஆனாலும் பெரும்பாலும் வெறும் தண்டாகவே நிற்கிறது. ஒரே விதை, ஒரே வயது, ஒரே மருந்து. இரண்டு வெட்டுக்கும் இடையில் சில சென்டிமீட்டர் கூட இருக்காது.

இந்தச் சோதனையை 1996இல் வெளியிட்ட ஆய்வாளர்கள் அடுத்த கேள்வியையும் கேட்டார்கள். மேல்துண்டுக்குள் ஆக்சின் சரியாகப் போகவில்லையோ? போன ஆக்சின் அங்கே சீக்கிரம் அழிந்துவிடுகிறதோ? அளந்து பார்த்ததில் அந்த வகையில் சொல்லும்படியான காரணம் கிடைக்கவில்லை. ஆக்சின் போய்ச் சேர்ந்தது; அங்கிருந்த செல்கள்தான் அதற்கு வேர் என்ற பதிலைத் தரவில்லை.

போத்து, அதாவது வேர் விடுவதற்காக வெட்டி நடும் தண்டு, நட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கதை தெரிந்ததுதான். ஆக்சின் கலந்த வேர் பவுடரைத் தொட்டு நட்டால் ஒரு செடி சடசடவென வேர் பிடிக்கும். இன்னொன்று அடியில் கறுத்து அழுகும். மூன்றாவது, மொத்தையாக ஒரு திசுக்கட்டியை மட்டும் வளர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் இலையோடு நின்று ஏமாற்றும். பவுடர் பத்தவில்லை என்று அளவைக் கூட்டுவதுதான் நம் முதல் யோசனை. பெரும்பாலும் அது தப்பான யோசனை. எவ்வளவு ஆக்சின் கொடுத்தோம் என்பதைவிட, கொடுத்தது அந்த வெட்டு முனையில் எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கிறது, அந்த நேரத்தில் அதைக் கேட்கத் தயாரான செல்கள் இருக்கின்றனவா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

பாடப்புத்தகத்தில் இதற்கு வேற்றிட வேர் என்று பெயர். விதையின் முளைவேரிலிருந்தோ அதன் கிளையிலிருந்தோ வராமல், தண்டிலோ இலையிலோ புதிதாகப் புறப்படும் வேர். மரச்செடிகளில் இது இரண்டு விதமாக வரும். வில்லோ, சில பாப்லர் வகைகள் போன்றவற்றின் கிளைக்குள் வேரின் கரு ஏற்கெனவே உருவாகி உறங்கிக்கொண்டிருக்கும். ஈரம் பட்டதும் வெளியே வந்துவிடும். மற்ற பெரும்பாலான மரங்களில் வெட்டுக்குப் பிறகுதான் எல்லாமே புதிதாகத் தொடங்க வேண்டும். தண்டைப் பருக்கவைக்கும் கேம்பியம் என்ற அடுக்கை ஒட்டிய செல்களோ, சர்க்கரையைக் கடத்தும் ஃபுளோயத்தின் கதிர்ச் செல்களோ, சில சமயம் வெட்டில் திரளும் காலஸ் திசுவோ தங்கள் பழைய வேலையை மறந்து வேர் முனையாக மாற வேண்டும். இந்த இரண்டாவது வகைதான் இங்கே பேச்சு.

(வில்லோ குச்சியை ஊறவைத்த தண்ணீர் எல்லாப் போத்தையும் வேர் விட வைக்கும் என்று இணையத்தில் அடிக்கடி வரும். வில்லோவின் சாற்றில் வேர் ஊக்கும் பொருட்கள் உண்டு என்பது ஆய்வில் வந்த செய்திதான். ஆனால் வில்லோ சுலபமாக வேர் விடுவதற்கு அந்தத் தண்ணீரைக் காரணம் காட்ட முடியாது. அதற்கு வேர்க்கரு முன்னாலேயே தயார்.)

வேர் செய்யும் பொருளைத் தேடிய கதை

1878இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபெஷ்டிங் வில்லோ குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். எது மேலே இருந்தாலும், செடியில் இருந்தபோது அடிப்பக்கமாக இருந்த முனையில்தான் வேர் வலுவாக வந்தது. புவியீர்ப்பைவிடப் பிடிவாதமான ஏதோ ஒரு திசையுணர்வு தண்டுக்குள் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து இன்னொரு ஜெர்மானியத் தாவரவியலாளர் சாக்ஸ், இலைகளில் வேர் உண்டாக்கும் ஒரு பொருள் தயாராகிக் கீழே இறங்குகிறது என்று ஊகித்தார். 1925இல் நெதர்லாந்தின் வான் டெர் லெக், திராட்சை, பாப்லர், வில்லோ போத்துகளில் துளிர்க்கும் மொட்டு இருந்தால் அதற்கு நேர் கீழே வேர் நன்றாக வருவதைக் காட்டினார். ஆக, மேலிருந்து ஏதோ வருகிறது. அது என்ன?

1929இல் நெதர்லாந்துத் தாவரவியலாளர் வென்ட், குப்பைமேனி இனத்தைச் சேர்ந்த அகலிஃபாவின் இலையிலிருந்து எடுத்த சாறு வேர் உண்டாவதைத் தூண்டுவதைக் கண்டார். அந்த மர்மப் பொருளுக்கு 1933இல் அவரும் பெல்ஜியத் தாவரவியலாளர் பூய்யெனும் சேர்ந்து ரைசோகாலின் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே இண்டோல் அசெட்டிக் அமிலம், அதாவது இயற்கை ஆக்சின், அடையாளம் தெரிந்தது. 1935இல் செயற்கையாகச் செய்த அதே அமிலம் போத்தில் வேர் விடவைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தில் சிம்மர்மனும் வில்காக்சனும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம், நாப்தலீன் அசெட்டிக் அமிலம் இரண்டும் இயற்கை ஆக்சினைவிட நன்றாக வேலை செய்வதைக் கண்டார்கள். இன்றைக்கு நாம் வாங்கும் வேர் பவுடரில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும் கலந்தது. எழுதவும் படிக்கவும் வசதியாக இனி இவற்றை ஐஏஏ, ஐபிஏ, என்ஏஏ என்று அழைக்கலாம்.

ரைசோகாலினை அப்போது பலர் மறந்துவிட்டார்கள். ஆக்சின் கிடைத்துவிட்டது, புதிர் தீர்ந்தது என்று நினைத்தார்கள். ஆக்சின் கொடுத்தும் வேர் விடாத மரங்கள் பட்டியல் நீண்டதும் பழைய ரைசோகாலின் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

வெட்டு விழுந்த கணம்

கத்தி தண்டைக் கடந்ததும் ஒரே நேரத்தில் மூன்று காரியங்கள் நடக்கின்றன.

முதலாவது, காயம். உடைந்த செல்களிலிருந்து ஜாஸ்மோனிக் அமிலம் என்ற காய ஹார்மோன் வேகமாகப் பெருகும். பெட்டூனியாப் போத்துகளில் அரை மணி நேரத்திலேயே அது உச்சத்தைத் தொட்டுவிடுவதை அளந்திருக்கிறார்கள். கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு, பீனால்கள் என்ற வளைய வடிவச் சேர்மங்கள், வெட்டுவாயை மூடும் சுபரின் எல்லாம் வரத் தொடங்கும். செடிக்கு இது தற்காப்பு. ஆனால் வேர் உண்டாவதற்கான தொடக்க மணியும் இதுதான். காயமே படாமல் ஆக்சினை மட்டும் தடவினால் பல மரங்கள் அசைவதில்லை. கடினமான போத்துகளின் அடியில் பட்டையை இரண்டு கோடாகச் சீவிவிடும் பழக்கத்தின் பின்னணி இதுவே: காயத்தின் பரப்பைக் கூட்டுகிறோம், ஆக்சின் உள்ளே போகவும் வழி செய்கிறோம். ஜாஸ்மோனிக் அமிலம் தொடர்ந்து நிறைய இருந்தால் அது வேருக்கு எதிரியாகிவிடும். அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மணி அடிக்க வேண்டும், நிற்கவும் வேண்டும்.

இரண்டாவது, பிரேக் விலகுகிறது. சைட்டோகைனினில் பெரும்பகுதியும் ஸ்ட்ரிகோலாக்டோனும் வேரிலிருந்து மேலே ஏறி வரும் ஹார்மோன்கள்; இரண்டுமே தண்டில் புது வேர் முளைப்பதைத் தடுக்கும். அதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. கீழே நல்ல வேர் இருக்கும்போது தண்டில் இன்னொரு வேர் எதற்கு? வெட்டியதும் அந்த வரத்து அறுந்துபோகிறது. செடிக்கு வேர் இல்லை என்ற தகவலே ஒரு ரசாயன வெற்றிடமாகத்தான் தண்டுக்குத் தெரியவருகிறது.

மூன்றாவது, கீழே இறங்கிக்கொண்டிருந்த ஆக்சினுக்கு வழி முடிந்துவிடுகிறது. தண்டில் ஆக்சின் செல்லுக்குச் செல் ஒரே திசையில் கடத்தப்படுகிறது. செல்லின் அடிப்பக்கச் சவ்வில் உட்கார்ந்திருக்கும் கடத்திப் புரதங்கள் அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். ஃபெஷ்டிங்கின் குச்சி தலைகீழாக இருந்தும் தன் அடியை மறக்காததற்கு விளக்கம் இதில் இருக்கிறது. வெட்டு முனையில் வந்து ஆக்சின் தேங்குகிறது. இந்தக் கடத்தலை ரசாயனத்தால் தடுத்துவிட்டால் சுலபமாக வேர் விடும் போத்துகள்கூட விடுவதில்லை. இலையோடும் மொட்டோடும் போத்து எடுப்பதன் பலன்களில் ஒன்று இந்த வரத்து.

நாள் கணக்கில் பார்த்தால்

அடுத்து நடப்பதை மிக நெருக்கமாகப் பார்த்தது ஆப்பிளில்தான். நெதர்லாந்தில் டி கிளெர்க் குழு, சோதனைக்குழாயில் வளர்த்த ஆப்பிள் வேர்க்கன்றுத் (ஒட்டுக்கு அடிச்செடியாகும் ரகம்) தண்டுகளை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு நாளும் ஆக்சினைக் கொடுத்தும் நிறுத்தியும் பார்த்தது.

முதல் 24 மணி நேரம் ஆக்சினுக்குப் பெரிய வேலை இல்லை. செல்கள் தங்கள் பழைய அடையாளத்தைக் களைகின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பின்னால் வேராகப் போகிற செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் சேர்வது தெரிகிறது. கட்டுச்சோறு கட்டிக்கொள்வது போல. இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை ஆக்சின் இல்லாமல் முடியாது. செல்கள் பிரிகின்றன, மாவு மணிகள் கரைகின்றன, ஒரு சிறு கூட்டம் தன்னை வேர் முனையாக ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. அப்புறம், சுமார் 96 மணி நேரத்துக்குப் பிறகு, காட்சி மாறுகிறது. அதே ஆக்சின் இப்போது கெடுதல். அதிகமாக இருந்தால் உருவான வேர்க்கரு நீளாமல் குட்டையாகத் தடித்து நிற்கும், பக்கத்தில் காலஸ் பெருகும், மேலே மொட்டு துளிர்க்காது.

வேர் பவுடர் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளில் பாதி இந்த நான்கு நாள் கணக்குக்குள் வந்துவிடும். ஒரு முறை எனக்கு மாதுளைப் போத்துகளில் அவசரம். அட்டையில் சொன்னதைவிட மூன்று மடங்கு அழுத்தமாகக் கரைத்து, ஐந்து விநாடி முக்கி எடுக்க வேண்டியதை அரை மணி நேரம் ஊறப்போட்டேன். இரண்டு வாரத்தில் அடிமுனை எல்லாம் பெருத்து, வெடித்து, வெள்ளைத் திசு பிதுங்கி நின்றது. வேர் ஒன்றிரண்டு வந்தது, கட்டை விரல் நகம் போல. தேவையான மூன்று நாளுக்கு ஆக்சின் தந்தேன், தேவையில்லாத பத்து நாளுக்கும் தந்தேன்.

மரத்தண்டு சோதனைக்குழாய் ஆப்பிளைவிட மெதுவானது. நான்கு நாள் என்பது பல வாரமாக நீளலாம். வரிசை மட்டும் மாறுவதில்லை. வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகள் இதை அனுசரித்து வந்தவைதான்: இளந்தண்டுக்கு ஐபிஏ 500 முதல் 1500 பிபிஎம், முற்றிய கட்டைக்கு 2000 முதல் 5000, பிடிவாதமான மரங்களுக்கு அதற்கும் மேல், எல்லாமே சில விநாடி முக்கலுக்கு. 3000 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 3 கிராம். ஐபிஏ தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆல்கஹாலில் கரைத்துப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பொட்டாசியம் உப்பாக வாங்க வேண்டும்.

ஆக்சினுக்கு என்ன ஆகிறது

ஐஏஏ இயற்கையான ஆக்சின் என்பதே அதன் பலவீனம். செடிக்கு அதை அழிக்கவும் பூட்டிவைக்கவும் நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து திடீரென்று ஐஏஏ பெருகினால், ஜிஎச்3 என்ற குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் அதை அஸ்பார்டிக் அமிலம் போன்ற அமினோ அமிலங்களோடு பிணைத்து ஒதுக்கிவிடும். இன்னொரு பக்கம் அதை ஆக்சிஜனேற்றம் செய்து முடக்கும் நொதிகள். வெளிச்சத்திலும் ஐஏஏ சிதையும். நாம் கொடுத்ததில் தனித்த வடிவில் மிஞ்சுவது சொற்பம்.

ஐபிஏ ஏன் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இது ஒரு விடை. சிதைவைக் கொஞ்சம் அதிகமாகத் தாங்கும். அதோடு, செல்லுக்குள் பெராக்சிசோம் என்ற உறுப்பில் கொழுப்பு அமிலம் உடைவது போல மெல்ல உடைந்து ஐஏஏவாக மாறும். ஒரே நாளில் செலவழித்துவிடாமல் மாதச் சம்பளமாகப் பிரித்துக் கொடுப்பது மாதிரி. என்ஏஏவை இந்த ஆக்சிஜனேற்ற நொதிகள் சுலபமாகத் தொடுவதில்லை. அதனால் வலுவும் அதிகம், மிஞ்சிப்போனால் கெடுதலும் அதிகம்.

செர்ரியில் நடந்த ஓர் ஒப்பீடு இங்கே சுவாரஸ்யமானது. சுலபமாக வேர் விடும் ரகத்துக்கும் விடாத ரகத்துக்கும் ஒரே ஐபிஏ கொடுத்தார்கள். வேர் விடாத ரகம் அதை வேகமாகப் பிணைத்துப் பூட்டிவிட்டது. பூட்டை மறுபடி திறக்கவில்லை. வேர் விடும் ரகத்தில் தேவையான நேரத்தில் தனித்த ஐபிஏ இருந்தது. மருந்து போகவில்லை என்பதல்ல பிரச்சினை. போனதைப் பெட்டியில் வைத்துச் சாவியைத் தொலைத்துவிட்டது.

சரி, ரைசோகாலினுக்கு வருவோம். 1955இல் பூய்யென் தம்பதியினர் அந்தப் பொருள் ஒன்றல்ல, மூன்று சேர்ந்தது என்றார்கள்: இலையிலிருந்து வரும் ஒரு பீனால், ஆக்சின், சில திசுக்களில் மட்டும் இருக்கும் ஒரு நொதி. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் வேர். 1960களில் சார்லஸ் ஹெஸ் ஐவிக் கொடியை வைத்து இதைத் தொடர்ந்தார். ஐவி ஒரு நல்ல தேர்வு, ஏனென்றால் அதே கொடியில் இளமைப் பகுதி சுவரைப் பற்றிக்கொண்டு வேர் விட்டபடியே ஏறும். முதிர்ந்த பகுதி பூக்கும், ஆனால் வேர் விடுவது கடினம். இளம் பகுதியின் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து பாசிப்பயறு நாற்றின் தண்டில் சோதித்தபோது, ஆக்சினோடு சேர்ந்தால் வேர் எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்டும் சில துணைப்பொருட்கள் தெரிந்தன. அவற்றில் ஒன்று குளோரோஜெனிக் அமிலக் குடும்பத்தைச் சேர்ந்தது. காப்பிக் கொட்டையில் நிறைய இருக்கும் அதே வகைப் பீனால். கேட்டகோல் என்ற எளிய பீனாலும் அப்படியே வேலை செய்தது.

பீனால்களில் இரண்டு சாதி உண்டு. வளையத்தில் ஒரே ஒரு ஹைட்ராக்சில் (OH) தொகுதி மட்டும் இருப்பவை பெரும்பாலும் ஐஏஏவின் அழிவைத் துரிதப்படுத்தும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருப்பவை, கேட்டகோல் மாதிரி, தாங்களே ஆக்சிஜனேற்றத்துக்கு முன்வந்து ஐஏஏவைக் காப்பாற்றும். இதைச் சோதிக்க டி கிளெர்க் குழு ஆப்பிளில் ஒரு கெட்டிக்கார வழியைப் பிடித்தது. ஐஏஏவோடு ஃபெரூலிக் அமிலம் என்ற பீனாலைக் கொடுத்தபோது வேர் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. அதே பீனாலை என்ஏஏவோடு கொடுத்தபோது பெரிய பலன் இல்லை. என்ஏஏவை யாரும் அப்படிச் சிதைப்பதில்லை, காப்பாற்றவும் அவசியமில்லை. பீனால் வேரைச் செய்யவில்லை, ஆக்சினுக்குக் காவல் நின்றிருக்கிறது.

மாங்கனீசும் இந்தக் கதைக்குள் வருகிறது. ஐஏஏவைச் சிதைக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதியின் வினைக்கு அது துணை. அவகேடோவில் வேர் விடச் சிரமப்படும் ரகங்களின் இலையில் மாங்கனீசு அதிகமாகவும், சுலபமான ரகங்களில் குறைவாகவும் இருந்ததாக ஓர் ஆய்வு உண்டு. அழகான பொருத்தம். ஆனால் இந்தப் பெராக்சிடேஸ் விளக்கத்தின் மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிவிட்டார்கள் என்பது என் கருத்து. உயிருள்ள செடியில் ஆக்சினை ஆக்சிஜனேற்றும் முக்கிய வேலையைச் செய்வது டாவோ என்ற வேறொரு நொதி என்று 2013இல் நெல்லிலும் பிறகு அராபிடாப்சிஸிலும் தெரிந்துவிட்டது. பெராக்சிடேஸ் அளவை மட்டும் அளந்து இது வேர் விடும், இது விடாது என்று எழுதிய பழைய கட்டுரைகளைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

எல்லாப் பீனாலும் காவலாளி அல்ல. முதிர்ந்த செஸ்நட் மரத்தின் போத்து வேர் விடாததோடு எலாஜிக் அமிலத்தின் வழிப்பொருட்கள் இரண்டு தொடர்புள்ளவை என்று ஸ்பெயினில் அடையாளம் கண்டார்கள். யூகலிப்டஸ் கிராண்டிஸில் முதிர்ந்த இலைகளில் வேரைத் தடுக்கும் பொருட்கள் சேர்வதை 1970 வாக்கிலேயே காட்டினார்கள். மா போன்ற மரங்களில் வெட்டுவாய் சட்டென்று பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். பீனால்கள் ஆக்சிஜனேற்றமாகி குவினோன்களாக மாறி, பக்கத்துச் செல்களையும் சேர்த்துக் கொல்கின்றன. வெட்டிய போத்தைச் சிறிது நேரம் ஓடும் தண்ணீரில் வைப்பதன் நோக்கம் இவற்றைக் கழுவிவிடுவதே.

மற்ற ஹார்மோன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜிப்ரலின் பொதுவாக வேருக்கு எதிரி. அதனால்தான் அதன் உற்பத்தியைக் குறைக்கும் பாக்லோபியூட்ரசோல் சில செடிகளில் வேரைக் கூட்டுகிறது. எத்திலீன் கதை குழப்பமானது. 1933இல், ஆக்சினின் பெயரே தோட்டக்காரர்களுக்குத் தெரியாத காலத்தில், எத்திலீன், அசெட்டிலீன், கார்பன் மோனாக்சைடு வாயுக்கள் தண்டில் வேரைத் தூண்டுவதாகச் சிம்மர்மன் குழு எழுதியது. அதன் பிறகு வந்த ஆய்வுகளில் பாதி ஆம் என்கிறது, பாதி இல்லை என்கிறது; எந்த நாளில் கொடுத்தோம் என்பதைப் பொறுத்து இரண்டும் உண்மையாக இருக்கலாம். நைட்ரிக் ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆக்சினின் செய்தியைச் செல்லுக்குள் எடுத்துப்போகும் தூதர்களில் சேர்த்தி. ஆலிவ் போத்துகளில் ஐபிஏவோடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் பயன்படுத்திப் பலன் கண்டவர்கள் உண்டு.

சாப்பாடு

வேர் ஒரு கட்டுமான வேலை. சிமெண்டும் கல்லும் வேண்டும். போத்துக்கு வேர் இல்லாத காலத்தில் சர்க்கரை இரண்டு வழிகளில்தான் கிடைக்கும்: தண்டில் சேமித்த மாவு, இலையில் அன்றன்றைக்குத் தயாராவது. இலையில்லாத கட்டைப் போத்து முன்னதை நம்பியிருக்கிறது, இலையோடு எடுத்த இளம் போத்து பின்னதை. அதனால்தான் இளம் போத்துக்குப் பனித்தூவலும் வெளிச்சமும் இரண்டும் தேவைப்படுகின்றன.

தாய்ச்செடிக்கு யூரியா அள்ளிப் போட்டால் போத்து வேர் விடாது என்ற பழைய சொல்லுக்குப் பின்னால் 1918இல் கிராஸும் கிரேபிலும் தக்காளியில் கண்டது இருக்கிறது: மாவுச்சத்து நிறைந்து நைட்ரஜன் குறைந்த மஞ்சள் தண்டுகள் நிறைய வேர் விட்டன, பச்சைப் பசேலென்று இருந்தவை குறைவாக விட்டன. அதிலிருந்து கார்பன், நைட்ரஜன் விகிதம் என்று ஒரு சூத்திரமே பிறந்தது. சூத்திரம் சில செடிகளுக்குப் பொருந்துகிறது, சிலவற்றுக்கு நேர்மாறாக இருக்கிறது. வேரின் புரதத்துக்கும் நைட்ரஜன் வேண்டுமே. கொழுகொழுவென்று வேகமாக வளர்ந்த தண்டை எடுக்காதீர்கள் என்ற அளவில் அதை வைத்துக்கொள்ளலாம்.

போரானை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆக்சின் இருந்து போரான் இல்லாவிட்டால் பாசிப்பயறுத் தண்டில் வேர்க்கரு தொடங்கும், வளராது. தொடங்கிவைப்பது ஒன்று, வளர்த்துவிடுவது இன்னொன்று.

வயது என்ற ரசாயனம்

இத்தனையும் சரியாக இருந்தும் முதிர்ந்த மரம் வேர் விட மறுக்கும். ஒரு காலத்தில் இதற்குப் பட்டைக்குள் இருக்கும் கடினத் திசு வளையம் காரணம் என்றார்கள். ஆலிவில் அந்த வளையம் வேரை மறித்து நிற்பதாக 1950களில் எழுதினார்கள். சில ஆண்டுகளில் மறுப்பும் வந்தது: வளையம் இருக்கும் தண்டுகளும் வேர் விடுகின்றன, வளையம் இல்லாதவையும் விடாமல் இருக்கின்றன. வேர்க்கரு உருவாகிவிட்டால் அது வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. உருவாவதுதான் பிரச்சினை.

ஐவியின் இலைக்காம்பில் இது கண்ணுக்குத் தெரியும்படி காட்டப்பட்டது. இளம் கொடியின் காம்பையும் முதிர்ந்த கொடியின் காம்பையும் வெட்டி என்ஏஏ கொடுத்தால் இரண்டிலும் செல்கள் பிரியத் தொடங்கும். இளம் காம்பில் அந்தப் பிரிவு ஒழுங்காகத் திரண்டு வேராகும். முதிர்ந்த காம்பில் செல்கள் பிரிந்துகொண்டே போய் வெறும் திசுவாகும். ஆக்சினைக் கேட்டன, வேறு விதமாகப் புரிந்துகொண்டன. பைன் நாற்றின் மேல்துண்டும் இந்த ஜாதிதான். அதற்கு வயது 50 நாள்தான் என்பதுதான் ஆச்சரியம்.

வயதைச் செல் எங்கே எழுதி வைத்திருக்கிறது? ஒரு பகுதி, மரபணுக்களைத் திறந்தும் மூடியும் வைக்கும் குறிகளில். இன்னொரு பகுதி மைக்ரோ ஆர்என்ஏ 156 என்ற சின்ன மூலக்கூறில். செடி இளமையாக இருக்கும்போது நிறைய இருக்கும், முதிரும்போது குறையும். ஆப்பிள் இனம் ஒன்றில் இது அதிகமாக இருப்பது வேர் விடுவதற்குத் தேவை என்று காட்டியிருக்கிறார்கள். யூகலிப்டஸில் அதே பொருத்தம் கிடைக்கவில்லை. ஒரு மரத்தின் விடையை அடுத்த மரத்துக்கு அப்படியே எடுத்துப்போக முடிவதில்லை என்பது இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி.

நர்சரிக்காரர்கள் மூலக்கூறு தெரியாமலே இதைச் சமாளித்து வந்திருக்கிறார்கள். தாய்ச்செடியைத் தரையோடு வெட்டி அடியிலிருந்து வரும் துளிர்களைப் போத்தாக எடுப்பார்கள்; மரத்தின் அடிப்பகுதி உச்சியைவிட இளமையானது. அந்தத் துளிரின் அடியை மண்ணாலோ கறுப்புப் பட்டையாலோ மூடி வெளிச்சம் படாமல் வெளிறவைப்பார்கள். வெளிறிய தண்டில், தண்டைக் கட்டையாக்கும் லிக்னின் குறைவு. கட்டையாக முற்றிப்போகாத செல்கள் அதிகம். பதியன் போடுவதும் இதே கணக்கின் இன்னொரு உருவம்: இருட்டு, ஈரம், பட்டையில் காயம், மேலிருந்து அறாமல் வரும் சர்க்கரையும் ஆக்சினும்.

2024இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் முதிர்ந்த யூகலிப்டஸ் கிராண்டிஸ் போத்துகளில் வேறொரு கோணத்தில் முயன்று பார்த்தார்கள். 4-குளோரோபீனாக்சி அசெட்டிக் அமிலம் என்ற செயற்கை ஆக்சினை டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தோடு பிணைத்து, அதாவது செடி செய்யும் பூட்டை அவர்களே முன்கூட்டிப் போட்டு, உள்ளே அனுப்பினார்கள். செடியின் சொந்த நொதிகள் அந்தப் பூட்டை மெதுவாகத் திறக்கத் திறக்க ஆக்சின் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்தது. வழக்கமான ஐபிஏ மட்டும் கொடுத்த போத்துகளைவிட இவை நன்றாக வேர் விட்டன. அந்த மரத்தின் செல்கள் கேட்க முடியாத அளவுக்கு முதிர்ந்துவிடவில்லை. நாம் முதல் நாளே கத்திவிட்டு, அவை கேட்கத் தயாரான மூன்றாம் நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.